தண்ணீரில் ஃப்ளோரைடு: ஏன் சேர்க்கிறார்கள், எவ்வளவு சேர்க்கிறார்கள்?

ஒரு நகரத்தின் குடிநீர் நிலையத்தில், தண்ணீரில் ஃப்ளோரைடைச் சேர்ப்பதற்காக ஒரு சிறிய பம்பு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறொரு ஊரில், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலிருந்து அதே ஃப்ளோரைடை எடுத்துவிடுவதற்காகக் காசு செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுகிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் சரியான காரியத்தைத்தான் செய்கிறார்கள். இது எப்படி என்று புரிந்துவிட்டால் இந்த விஷயத்தில் முக்கால் பங்கு புரிந்துவிடும்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். ஃப்ளோரின் என்பது ஒரு தனிமம். வெளிர்மஞ்சள் நிற வாயு. கிட்டத்தட்ட எதைத் தொட்டாலும் அதோடு வினைபுரிந்துவிடும் மூர்க்கம் அதற்கு. அதைத் தனியாகப் பிரிக்க முயன்றவர்களில் பலர் காயப்பட்டார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். கடைசியில் 1886இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆன்றி முவாசான் அதைப் பிரித்துக் காட்டினார். தண்ணீரில் இருப்பது இந்த வாயு இல்லை. ஃப்ளோரின் இன்னொரு தனிமத்தோடு சேர்ந்து அடங்கிப்போன பிறகு கிடைக்கும் வடிவம்தான் ஃப்ளோரைடு. குளோரின் வாயு மூச்சை அடைக்கும். ஆனால் சாப்பாட்டு உப்பில் அது குளோரைடாக இருக்கிறது, தினமும் சாப்பிடுகிறோம். அதே உறவுதான் இங்கேயும்.

ஃப்ளோரைடு பாறைகளில் இருக்கிறது. பாறையைத் தொட்டு வரும் தண்ணீரிலும் கொஞ்சம் கரைந்திருக்கும். ஆற்றிலும் ஏரியிலும் பொதுவாக மிகக் குறைவு. பூமிக்கடியில் நெடுங்காலம் தேங்கிய நீரில், பாறையின் வகையைப் பொறுத்து, கொஞ்சமாகவும் இருக்கலாம், ஆபத்தான அளவிலும் இருக்கலாம். ஆகவே ‘தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்ப்பது’ என்றால் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து கொட்டுவது என்று பொருளில்லை. ஏற்கெனவே இருக்கும் குறைந்த அளவை, பல்லுக்கு உதவும் ஓர் அளவு வரைக்கும் உயர்த்துவதுதான் அது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பல் எப்படிச் சொத்தையாகிறது

பல்லின் வெளிப்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த சின்னஞ்சிறு படிகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டது போன்ற அமைப்பு. கல் மாதிரி உறுதியாக இருந்தாலும் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: அமிலம் பட்டால் கரையும்.

நம் வாயில் எப்போதும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பல்லின் மேல் பிசுபிசுப்பான ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நாம் இனிப்பு சாப்பிடும்போது அவையும் சாப்பிடுகின்றன. சாப்பிட்டுவிட்டு அமிலத்தை வெளியிடுகின்றன. வாயின் அமிலத்தன்மையை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அந்த எண் ஏறக்குறைய 5.5க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும்.

நல்லவேளையாக இது ஒருவழிப்பாதை இல்லை. உமிழ்நீர் கொஞ்ச நேரத்தில் அமிலத்தைத் தணித்துவிடும். அதிலேயே கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்திருப்பதால், பல் இழந்ததைத் திரும்பவும் படியவைக்கும். இப்படி ஒவ்வொரு நாளும் பலமுறை பல் கரைவதும் திரும்ப உறுதியாவதுமாக ஓர் இழுபறி நடந்துகொண்டே இருக்கிறது. கரைவது ஜெயித்துக்கொண்டே இருந்தால் குழி விழும். அதைத்தான் சொத்தை என்கிறோம். ஒரே நேரத்தில் நிறைய இனிப்பு சாப்பிடுவதைவிட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே இருப்பது பல்லுக்கு மோசம் என்று பல் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். உமிழ்நீருக்குச் சரிசெய்ய அவகாசமே கிடைப்பதில்லை.

இந்த இழுபறியில் ஃப்ளோரைடு பல்லின் பக்கம் நிற்கிறது. உமிழ்நீரில் மிகச் சிறிய அளவு ஃப்ளோரைடு இருந்தாலே போதும், கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்குத் திரும்பி வருவது வேகமாகிறது. அப்படித் திரும்பப் படியும் எனாமலில் ஃப்ளோரைடும் சேர்ந்துகொள்கிறது. பழைய எனாமலைவிட இந்தப் புதுப் படிவம் அமிலத்தை அதிகம் தாங்கும், 5.5இல் கரையத் தொடங்கிய இடம், இப்போது ஏறக்குறைய 4.5 வரை தாக்குப்பிடிக்கும். கூடவே, பாக்டீரியா அமிலம் தயாரிக்கும் வேகத்தையும் ஃப்ளோரைடு ஓரளவு தடுக்கிறது.

பல பத்தாண்டுகளாக எல்லோரும் நம்பியது வேறு. குழந்தைப் பருவத்தில் விழுங்கும் ஃப்ளோரைடு, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்குள் போய்ச் சேர்ந்து அதை வலுவாக்குகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு வந்த ஆராய்ச்சிகள் இதை மாற்றின. பெரும்பங்கு வேலை நடப்பது முளைத்த பல்லின் மேற்பரப்பில், ஃப்ளோரைடு பல்லைத் தொடும்போதுதான். விழுங்குவதைவிடத் தொடுவது முக்கியம் என்ற இந்தப் புரிதல்தான் பிற்காலத்தில் எழுந்த பல கேள்விகளுக்கு அடிப்படை.

பழுப்புப் பற்களிலிருந்து தொடங்கிய கதை

ஃப்ளோரைடின் நன்மையை யாரும் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. அதன் கெடுதலைத் துரத்திக்கொண்டு போனவர்களின் கையில் அது சிக்கியது. இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1901இல் ஃப்ரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு வந்து தொழில் தொடங்கினார். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலரின் பற்களில் அசிங்கமான பழுப்புக் கறை. தேய்த்தால் போகாத கறை. சிலருக்குப் பல் முழுவதுமே சாக்லெட் நிறம். உள்ளூர்க்காரர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவ நூல்களில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மெக்கேயால் சும்மா இருக்க முடியவில்லை. அன்றைய அமெரிக்கப் பல் மருத்துவத்தின் பெரிய மனிதரான ஜி. வி. பிளாக்கைக் கடிதங்கள் எழுதி வரவழைத்தார். 1909 முதல் இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். இரண்டு விஷயங்கள் தெளிவாயின. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில்தான் இந்தக் கறை விழுகிறது. பெரியவரான பிறகு ஊருக்கு வந்தவர்களுக்கு வருவதில்லை. அடுத்தது யாரும் எதிர்பாராதது: கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது.

பிளாக் 1915இல் காலமானார். மெக்கே விடவில்லை. 1923இல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிறிய ஊருக்குப் போனார். அங்கிருந்த தாய்மார்கள் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார்கள். சில மைல் தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பற்களில் கறை வரத் தொடங்கியது என்றார்கள். அந்தத் தண்ணீரைச் சோதித்தார் மெக்கே. சந்தேகப்படும்படி எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் தாய்மார்களின் பேச்சை நம்பினார். அந்தக் குழாயைக் கைவிட்டுவிட்டு வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் எடுங்கள் என்று சொன்னார். ஊரும் கேட்டது. சில ஆண்டுகளில், அடுத்து வந்த குழந்தைகளின் பற்கள் கறையில்லாமல் முளைத்தன. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபோதே, கண்ணால் பார்த்ததை வைத்து அந்தத் தாய்மார்கள் சரியான பதிலுக்கு வந்துவிட்டார்கள். ஃப்ளோரைடு பற்றிய பேச்சில் இவர்களுக்கு உரிய இடத்தை யாரும் கொடுப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

விடை கிடைத்தது ஓர் அலுமினிய நிறுவனத்தின் ஆய்வகத்தில். ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்ற ஊர், அல்கோவா நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காக அமைத்தது. அங்கேயும் குழந்தைகளுக்கு இதே கறை. நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் எச். வி. சர்ச்சில் கவலைப்பட்டார். அலுமினியப் பாத்திரம் உடம்புக்குக் கெடுதல் என்ற பேச்சு ஏற்கெனவே உலவிய காலம் அது. இந்தப் பழியும் அலுமினியத்தின் மேல் விழுந்துவிடுமோ என்ற பயம். 1931இல், அதற்கு முன் யாரும் அந்த நீரில் பயன்படுத்தியிராத நுட்பமான நிறமாலை முறையில் சோதித்தார். லிட்டருக்கு 13 மில்லிகிராமுக்கும் மேல் ஃப்ளோரைடு. அவராலேயே நம்ப முடியவில்லை. புதிதாகத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி மறுபடியும் சோதித்தார். அதே விடை. கறை இருந்த மற்ற ஊர்களின் தண்ணீரிலும் ஃப்ளோரைடு அதிகம் இருந்தது.

அப்புறம் கேள்வி திரும்பியது. இவ்வளவு ஃப்ளோரைடு கறையை உண்டாக்குகிறது, சரி. கறை வராத அளவுக்குக் குறைத்து, சொத்தையைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் எச். டிரெண்ட்லி டீன் இதைக் கையில் எடுத்தார். 21 நகரங்களில், 12 முதல் 14 வயது வரையான 7,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாய்களைப் பரிசோதித்து, அந்தந்த ஊர்த் தண்ணீரில் இயற்கையாகவே இருந்த ஃப்ளோரைடின் அளவோடு ஒப்பிட்டார்கள். 1942 வாக்கில் படம் தெளிவானது. ஃப்ளோரைடு ஏற ஏறச் சொத்தை குறைகிறது. ஆனால் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் கிடைக்கும் கூடுதல் பலன் கொஞ்சம்தான், கறையோ அதிகமாகிக்கொண்டே போகிறது. பலன் பெரும்பாலும் கிடைத்துவிட்ட, கெடுதல் இன்னும் பெரிதாகத் தொடங்காத அந்த இடம், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்.

இயற்கையில் பார்த்தது செயற்கையாகச் சேர்த்தாலும் நடக்குமா? மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் 1945 ஜனவரி 25 அன்று தன் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கத் தொடங்கியது. உலகில் முதல் நகரம் அதுதான். பக்கத்தில் மஸ்கீகன் நகரம் ஒப்பீட்டுக்காகச் சேர்க்காமல் இருந்தது. அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் நியூபர்கிலும் கனடாவின் பிராண்ட்ஃபோர்டிலும் இதே போன்ற சோதனைகள் தொடங்கின. கிராண்ட் ராப்பிட்ஸில் 11 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, திட்டம் தொடங்கிய பிறகு பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. மஸ்கீகன் அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. 1951இலேயே ‘எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்’ என்று சேர்க்கத் தொடங்கிவிட்டது. நல்ல மனதோடு செய்த காரியம்தான், ஆனால் அதோடு ஒப்பீடு குலைந்துபோனது. அந்தக் காலத்துச் சோதனைகளை இன்றைய விஞ்ஞானிகள் முழு மதிப்பெண் கொடுக்காமல் பார்ப்பதற்கு இப்படிப்பட்ட குறைகளும் ஒரு காரணம்.

குடிநீர் நிலையத்தில் என்ன நடக்கிறது

இன்று உலகம் முழுவதும் சுமார் 40 கோடிப் பேருக்கு இப்படி அளவு சரிசெய்யப்பட்ட தண்ணீர் கிடைக்கிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, பிரேசில், நியூசிலாந்து ஆகியவை இதில் முக்கியமானவை.

சேர்க்கும் பொருள்கள் மூன்று. பெரிய நிலையங்களில் பெரும்பாலும் ஃப்ளோரோசிலிசிக் அமிலம் என்ற திரவம். மற்றவை சோடியம் ஃப்ளோரோசிலிகேட், சோடியம் ஃப்ளோரைடு. பின்னவை இரண்டும் தூள்கள். முதலில், வரும் தண்ணீரில் ஏற்கெனவே எவ்வளவு ஃப்ளோரைடு இருக்கிறது என்று அளக்கிறார்கள். குறையும் அளவை மட்டும் பம்பு மூலம் சேர்க்கிறார்கள். தண்ணீரில் கலந்ததும் இவை பிரிந்து, பாறையிலிருந்து வரும் அதே ஃப்ளோரைடு அயனியாகத்தான் இருக்கும். எது இயற்கையாக வந்தது, எது பம்பிலிருந்து வந்தது என்று உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

அமெரிக்காவின் இன்றைய பரிந்துரை லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். ஃப்ளோரைடே இல்லாத 10 லட்சம் லிட்டர் தண்ணீரை இந்த அளவுக்குக் கொண்டுவர 700 கிராம் ஃப்ளோரைடு போதும். 1962 முதல் அங்கே 0.7இலிருந்து 1.2 வரை என்று வைத்திருந்தார்கள். வெயில் அதிகமுள்ள ஊரில் மக்கள் நிறையத் தண்ணீர் குடிப்பார்கள், ஆகவே அங்கே குறைத்துச் சேர்க்க வேண்டும் என்பது கணக்கு. 2015இல் எல்லா ஊருக்கும் 0.7 என்று இறக்கினார்கள். காரணம், பற்பசை போன்ற வேறு வழிகளிலும் ஃப்ளோரைடு வாய்க்குள் வரத் தொடங்கிவிட்டது. அயர்லாந்தில் 0.6 முதல் 0.8 வரை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் உச்சவரம்பு 1.5.

ஃப்ளோரோசிலிசிக் அமிலம் பாஸ்பேட் உரத் தொழிற்சாலைகளில் துணைப்பொருளாகக் கிடைப்பது. ‘உரத் தொழிற்சாலைக் கழிவைக் குடிக்கிறோம்’ என்று சிலர் கோபப்படுவது இதை வைத்துத்தான். அது எங்கிருந்து வருகிறது என்பது உண்மை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, அதில் ஆர்செனிக், ஈயம் போன்றவை வரம்புக்குள் இருக்கின்றனவா என்பது. அதற்கென்று தரநிலைகளும் சோதனைகளும் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகப் பின்பற்றாத நிலையத்தில் எனக்கும் நம்பிக்கை இருக்காது.

பம்பு தவறினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கக் கூடாது. 1992 மே மாதம் அலாஸ்காவில் ஹூப்பர் பே என்ற சிறிய ஊரில் கருவிக் கோளாறால் ஃப்ளோரைடு அளவில்லாமல் கலந்துவிட்டது. லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருந்தது. நூற்றுக்கணக்கானோர் வாந்தி, வயிற்றுவலியால் அவதிப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். இது மிக அரிதான விபத்து. ஆனாலும் நல்ல கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாத சிறிய ஊர்கள் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

பற்பசை வந்த பிறகு

1950களின் நடுவில் ஃப்ளோரைடு கலந்த பற்பசை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1970களில் பணக்கார நாடுகளில் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் அது போய்விட்டது. அதன் பிறகு, தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்த்த நாடுகளிலும் சரி, சேர்க்காத நாடுகளிலும் சரி, சொத்தை மளமளவென்று குறைந்தது.

இதில் ஆச்சரியமில்லை. வழக்கமான பற்பசையில் ஃப்ளோரைடு பத்து லட்சத்தில் 1,000 முதல் 1,500 பங்கு வரை இருக்கிறது. ஃப்ளோரைடு சேர்த்த தண்ணீரில் இருப்பதைப்போல ஏறக்குறைய 1,400 முதல் 2,100 மடங்கு. பல்லைத் தொடுவதுதான் முக்கியம் என்றால், நேரடியாகப் பல்லின் மேலேயே தேய்ப்பது வேலை செய்யத்தானே செய்யும்.

ஆகவே இன்று தண்ணீர் மட்டும் தனியாக எவ்வளவு பலன் தருகிறது? மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2015இல் பார்த்தபோது, பால்பற்களில் 35 சதவீதம், நிரந்தரப் பற்களில் 26 சதவீதம் சொத்தை குறைவு என்று கணக்கிட்டது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை 1975க்கு முந்தையவை. 2024இல் மறுபடியும் பார்த்தபோது, 1975க்குப் பிறகான ஆய்வுகளில் பலன் மெலிந்திருந்தது: பால்பற்களைப் பொறுத்தவரை ஒரு குழந்தைக்குச் சராசரியாகக் கால் பல் அளவுக்குத்தான் சொத்தை குறைகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கும் வசதியான பிள்ளைகளுக்கும் உள்ள இடைவெளியை இது குறைக்கிறதா என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் அது சொன்னது.

‘கால் பல்தானே’ என்று தள்ளிவிடுவதா, ஒரு நகரத்தின் அத்தனை குழந்தைகளாலும் பெருக்கிப் பார்ப்பதா? ஒரு லட்சம் குழந்தைகள் என்றால் 25,000 பற்கள். சொத்தைப் பல் வலியில் இரவெல்லாம் அழும் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழித்திருந்தவர்கள் இந்த எண்ணைச் சிறியது என்று சொல்ல மாட்டார்கள். அதே சமயம், 1940களின் 60 சதவீதத்தை இன்றும் மேற்கோள் காட்டி வாதாடுவது நேர்மையில்லை. இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நிறுத்திப் பார்த்த ஊர்களின் அனுபவமும் ஒரே மாதிரி இல்லை. கனடாவின் கால்கரி நகரம் 2011இல் நிறுத்தியது. தொடர்ந்து சேர்த்துவந்த எட்மன்டன் நகரத்தோடு ஒப்பிட்டபோது, கால்கரிக் குழந்தைகளின் பால்பற்களில் சொத்தை கூடுதலாக ஏறியிருந்தது. 2021இல் மக்கள் வாக்களித்து மறுபடியும் வேண்டும் என்றார்கள். 2025இல் திரும்பத் தொடங்கியது. இன்னொரு பக்கம், பின்லாந்தின் குவோப்பியோ நகரம் 1992இலும், முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் கெம்னிட்ஸ் போன்ற நகரங்கள் 1990 வாக்கிலும் நிறுத்தியபோது சொத்தை கூடவில்லை. அங்கெல்லாம் பற்பசைப் பழக்கமும் குழந்தைகளுக்கான பல் மருத்துவக் கவனிப்பும் வலுவாக இருந்தன. தண்ணீர் விட்ட வேலையை மற்றவை ஏற்றுக்கொண்டன என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அப்படி ஏற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில் நிறுத்தினால் சுமை குழந்தைகளின் பல்லில்தான் விழும்.

தண்ணீர்தான் ஒரே வழி என்றும் இல்லை. சுவிட்சர்லாந்து 1955 முதல் உப்பில் ஃப்ளோரைடு சேர்த்து விற்கிறது. வேண்டுபவர்கள் வாங்கலாம், வேண்டாதவர்கள் சாதாரண உப்பை வாங்கலாம். பல் மருத்துவர் நேரடியாகப் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷ் இருக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

எதிர்ப்பவர்கள் சொல்வது

இரண்டு விதமான எதிர்ப்புகள் இருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது உரிமை பற்றியது. குழாயைத் திறந்தால் வருவதைத்தான் எல்லோரும் குடிக்க வேண்டும். என் சம்மதம் கேட்காமல் எனக்கு மருந்து கொடுக்கலாமா? அயர்லாந்து 1960இல் இதைச் சட்டமாக்கியபோது கிளாடிஸ் ரயன் என்ற பெண் நீதிமன்றம் போனார். வழக்கில் தோற்றார். ஆனால் மனிதருக்குத் தன் உடலின் மேல் உரிமை உண்டு என்பதை அந்நாட்டு நீதிமன்றம் அரசியலமைப்பு உரிமையாக முதன்முதலில் ஏற்றுக்கொண்டது அந்த வழக்கில்தான். நெதர்லாந்தில் 1973இல் உச்ச நீதிமன்றம், ஃப்ளோரைடு சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. சில ஆண்டுகளில் அங்கே முற்றிலும் நின்றுபோனது. இந்தக் கேள்விக்கு விஞ்ஞானத்தால் பதில் சொல்ல முடியாது. ஊர் கூடி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

இரண்டாவது உடல்நலம் பற்றியது. இப்போது அதிகம் பேசப்படுவது குழந்தைகளின் அறிவுத்திறன். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீருக்கும் குழந்தைகளின் குறைந்த அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதாக ‘மிதமான நம்பிக்கையோடு’ சொன்னது. 0.7 அளவு பாதிக்கிறதா என்று சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. இரண்டாவது வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கடுத்த மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 2025இல் யூட்டா மாநிலம் தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்ப்பதையே தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம். ஃப்ளோரிடா பின்தொடர்ந்தது.

என் கருத்தைக் கேட்டால், 1.5க்கு மேல் போகும் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. 0.7இல் அதே பயத்தைக் கிளப்புவதற்கு இப்போதுள்ள சான்று போதாது. ஆனால் கேள்வி கேட்பவர்களை மூடர்கள் என்று ஒதுக்குவதும் தவறு. அவர்கள் கேட்டதால்தான் ஆய்வுகள் நடக்கின்றன.

அளவு மீறிப்போன தண்ணீர்

உலகின் பல இடங்களில் யாரும் எதையும் சேர்க்காமலே தண்ணீரில் ஃப்ளோரைடு மிதமிஞ்சி இருக்கிறது. எரிமலைப் பாறைகள் நிறைந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு, இந்தியாவிலும் சீனாவிலும் பல பகுதிகள். அங்கே முதலில் தெரிவது பல்லில்: வெள்ளைத் திட்டுகள், பிறகு பழுப்புக் கறை, கடுமையானால் எனாமலில் பள்ளங்கள். இதைப் பல் ஃப்ளோரோசிஸ் என்பார்கள். எட்டு வயதுக்குள், பல் உருவாகும்போது மட்டுமே வரும்.

இதைவிடக் கொடியது எலும்பு ஃப்ளோரோசிஸ். பல ஆண்டுகள் அதிக அளவு ஃப்ளோரைடைக் குடித்தால் அது எலும்பில் சேர்ந்துகொண்டே போகும். மூட்டுகள் இறுகும், முதுகு வளையும், கடைசியில் நிமிரவோ நடக்கவோ முடியாமல் போகும். அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூர் பகுதி மக்களிடம் இந்த நோய் இருப்பதை 1937இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதே தண்ணீரை நம்பி வாழும் ஏழை ஜனங்களைத்தான் இது தாக்குகிறது. வேறு தண்ணீர் வாங்கக் காசுள்ளவர்களைத் தாக்குவதில்லை. இப்படிப்பட்ட நீரிலிருந்து ஃப்ளோரைடை எடுக்க, நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஓர் எளிய முறையை உருவாக்கியது. நல்கொண்டா முறை என்று அதற்குப் பெயர். முதல் பத்தியில் சொன்ன இரண்டாவது ஊர் இப்படிப்பட்டதுதான்.

உங்கள் வீட்டுக்கு

தண்ணீரைப் பார்த்தோ குடித்தோ ஃப்ளோரைடைக் கண்டுபிடிக்க முடியாது. நிறமோ மணமோ ருசியோ இல்லை. சோதனைதான் ஒரே வழி. குழாய்த் தண்ணீர் என்றால் குடிநீர் நிறுவனத்திடம் அறிக்கை கேட்கலாம். சொந்தக் கிணறு என்றால் ஆய்வகத்துக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அறிக்கையில் ‘ஃப்ளோரைடு’ என்ற வரியைத் தேடுங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் என்றோ பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்றோ இருக்கும், தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

எண் 0.5க்குக் கீழே இருந்தால், தண்ணீர் உங்கள் பல்லுக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை. காலையும் இரவு படுக்கும் முன்னும் ஃப்ளோரைடு பற்பசையால் தேய்ப்பதுதான் உங்கள் பாதுகாப்பு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பசை, ஆறு வயது வரை பட்டாணி அளவு. துப்பப் பழக்குங்கள். 0.5க்கும் 1.5க்கும் இடையில் இருந்தால், இயற்கையாகவோ பம்பு மூலமாகவோ உங்களுக்கு ஃப்ளோரைடு ஏற்கெனவே கிடைக்கிறது; பற்பசையை விடாமல் தொடரலாம், ஆனால் மருத்துவர் சொல்லாமல் ஃப்ளோரைடு மாத்திரைகள் கொடுக்க வேண்டாம்.

1.5ஐத் தாண்டியிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது, ஃப்ளோரைடு ஆவியாவதில்லை. மிச்சமிருக்கும் நீரில் அது இன்னும் செறிவாகிறது. சாதாரணக் கரி வடிகட்டியும் அதை எடுக்காது. ஆர்.ஓ. கருவி எடுக்கும், செயல்படுத்திய அலுமினா வடிகட்டி எடுக்கும். மழைநீரில் ஃப்ளோரைடு அநேகமாக இருக்காது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மாற்றுத் தண்ணீர் இருந்தால் போதும். குளிக்கவும் துவைக்கவும் பழைய தண்ணீரையே பயன்படுத்தலாம், ஃப்ளோரைடு தோல் வழியாக உள்ளே போவதில்லை. மாற்றுத் தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால் அதை முதலில் வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். பால்மாவைக் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால், எல்லோருக்கும் முன்னால் அந்தக் குழந்தைக்கு.